பெரம்பலூர்ப் போரும் ஒரு நெற்றிப் பட்டமும்

போரும் அரசும் – 17

சென்ற இதழில் கிரேக்க நகர அரசுகளின் கதையைக் கைரோனியா போர்க்களத்தில் நிறுத்தினோம். கி.மு. 338. ஏதென்ஸும் தீப்ஸும் கடைசி நேரத்தில் ஓரணியில் நின்றும், வடக்கிலிருந்து இறங்கிவந்த மாசிடோனிய மன்னன் பிலிப்பிடம் தோற்றன. அந்த இடத்துக்கு அவை எப்படி வந்து சேர்ந்தன என்பதைப் பல வாரங்களாகப் பார்த்தோம். கி.மு. 404இல் ஸ்பார்ட்டா ஏதென்ஸைப் பணிய வைத்தது. 371இல் லியூக்ட்ராவில் தீப்ஸ் ஸ்பார்ட்டாவின் முதுகெலும்பை முறித்தது. உடனே ஏதென்ஸ், முப்பது ஆண்டுகளுக்கு முன் தன் மதிலை இடித்த அதே ஸ்பார்ட்டாவுக்குத் துணை போனது. தலைதூக்குபவன் எவனோ அவனை மற்றவர்கள் சேர்ந்து அமுக்கினார்கள். இப்படி அமுக்கி அமுக்கியே எல்லோரும் இளைத்துப்போனார்கள்.

இதைப் படித்த வாசகர்கள் பலர், நம் நாட்டில் இதற்கு ஈடான காலம் உண்டா என்று கேட்டிருந்தார்கள். உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தமிழகம். சோழர், பாண்டியர், போசளர், காடவர் என்று நான்கு பேர். காவிரிக்கும் தென்பெண்ணைக்கும் இடைப்பட்ட நிலம் அவர்களுடைய களம். நகர அரசுகள் அல்ல இவை. ஆனால் ஒருவரை ஒருவர் எழவிடாமல் பார்த்துக்கொண்ட கணக்கு அப்படியே அதுதான். அந்தக் கதையைச் சொல்ல ஏற்ற ஊர் தஞ்சாவூரும் இல்லை, மதுரையும் இல்லை. விருத்தாசலம்.

இன்றைக்கு விருத்தாசலம் என்றால் செராமிக். அகல் விளக்கு, பொம்மை, மின்சார ஃபியூஸ் கட்டை என்று பீங்கான் சாமான்கள் அங்கிருந்து ஊர் ஊராகப் போகின்றன. அரசின் செராமிக் தொழில்நுட்பக் கல்லூரியும் அதைச் சார்ந்த தொழிற்பேட்டையும் அந்த ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டன. ஆனால் ஊரின் பழைய பெயர் திருமுதுகுன்றம். மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயில் கொண்ட தலம். மூவர் பாடலும் பெற்றது. பத்தாம் நூற்றாண்டில் கண்டராதித்த சோழரின் தேவி செம்பியன் மாதேவியார் அதைக் கற்றளியாக எடுப்பித்தார். நாம் தேடும் போர்களின் சாட்சியங்கள் அந்தக் கற்களில் இருக்கின்றன. அரசர்கள் கோயிலுக்குக் கொடுத்ததைப் பதிவு செய்யும்போது, ஏன் கொடுத்தோம் என்பதையும் சில நேரம் சொல்லிவிட்டார்கள். அந்த 'ஏன்'தான் நமக்கு வேண்டியது.

மதுரைச் சண்டையில் தொடங்கியது

பெலோப்பொனேசியப் போர் எங்கே தொடங்கியது என்று நினைவிருக்கும். எப்பிடாம்னஸ் என்ற தொலைதூரச் சிற்றூர்; அங்கே உள்ளூர்க் கட்சிச் சண்டை. ஒரு கட்சி கொரிந்தை அழைத்தது, மறு கட்சி கொர்க்கைராவை அழைத்தது, கொர்க்கைரா ஏதென்ஸை அழைத்தது. நான்கே ஆண்டுகளில் கிரேக்க உலகம் முழுவதும் இரண்டு பாசறைகளாகப் பிரிந்து நின்றது.

நம் கதையும் அப்படித்தான். 1160களில் மதுரை அரியணைக்குப் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் மோதினார்கள். குலசேகரன் மதுரையை முற்றுகையிட்டான். பராக்கிரமன் இலங்கை மன்னன் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டு ஆள் அனுப்பினான். தண்டநாயகன் இலங்காபுரன் தலைமையில் படை கடல் கடந்து வருவதற்குள் பராக்கிரமன் கொல்லப்பட்டுவிட்டான். ஆனாலும் வந்த படை திரும்பவில்லை. செத்தவனுடைய மகன் வீரபாண்டியனுக்காகப் போரிட்டது. குலசேகரன் சோழனிடம் ஓடினான். மதுரைக்காரர் இருவரின் பங்காளிச் சண்டை இப்போது இலங்கைக்கும் சோழத்துக்குமான போராக மாறிவிட்டது.

அந்தப் போர் காஞ்சிபுரம் பக்கம் வரை எவ்வளவு கிலியை உண்டாக்கியது என்பதை ஆர்ப்பாக்கம் கல்வெட்டில் பார்க்கலாம். ஈழப்படை முன்னேறி வருகிறது என்று கேட்ட எதிரிலி சோழச் சம்புவராயன் என்ற தலைவன், உமாபதி தேவர் என்ற சிவாசாரியரிடம் போய் முறையிட்டான். அவர் இருபத்தெட்டு நாள் இரவு பகலாகப் பூசை செய்தார். ஈழப்படை தோற்றது என்ற செய்தி வந்ததும் சம்புவராயன் அவருக்கு ஆர்ப்பாக்கம் கிராமத்தையே தானமாகக் கொடுத்தான். போர் நடந்ததோ பாண்டி நாட்டில். நடுங்கியது தொண்டை நாடு.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூசைக்கு ஏற்பாடு செய்து ஊரைத் தானம் கொடுத்தவன் சோழ அரசன் அல்ல, ஒரு சம்புவராயன். தன் கையால் ஒரு கிராமத்தையே கொடுக்கும் அளவுக்குச் சிற்றரசர்கள் வளர்ந்துவிட்டார்கள். நீண்ட போர்களின் விலை இது. தெற்கே படை நடத்திக்கொண்டே இருந்த சோழனுக்கு வடக்கே காவலுக்கு ஆள் வேண்டியிருந்தது. அதற்கு ஏற்கெனவே ஒரு முறை உண்டு. பாடிகாவல் என்று பெயர். ஒரு நாட்டுப் பகுதியைக் கள்வரிடமிருந்தும் பகைவரிடமிருந்தும் காப்பது, அதற்காக ஊராரிடம் வரி வாங்கிக்கொள்வது. காப்பவன் கையில் ஆயுதம், அவன் கையிலேயே வரி. சில தலைமுறைகளில் அந்த ஊர்களுக்கு உண்மையான அரசன் யார் என்பதில் சந்தேகமே இல்லாமல் போகும். விருத்தாசலம், திருவதிகை, சேந்தமங்கலம் வட்டாரத்தில் அப்படிக் காவல் உரிமை பெற்று வளர்ந்த குலம்தான் காடவராயர்கள். தங்களைப் பழைய பல்லவர் வழியினர் என்று சொல்லிக்கொண்டவர்கள்.

மூன்றாம் குலோத்துங்கன் 1178 முதல் ஆண்டவன். மதுரை மீது மூன்று முறை படையெடுத்தவன். சோழப் பேரரசின் கடைசிப் பெருவீரன் என்று அவனைத்தான் சொல்வார்கள். அவன் ஆட்சியின் உச்சத்தில், 1186இல், விருத்தாசலம் கோயிலில் ஒரு செய்யுள் கல்வெட்டு பொறிக்கப்பட்டது. ஆளப்பிறந்தான் வீரசேகரன் என்ற காடவராயன், கற்கடக மாராயனின் கூடலையும் அதியமான் நாட்டையும் அழித்தான் என்று தன் குலப்பெருமையோடு சேர்த்துப் பாடுகிறது அது. அழித்தவனும் சோழனுக்கு அடங்கியவன், அழிபட்டவர்களும் சோழனுக்கு அடங்கியவர்கள். பேரரசன் உயிரோடு, வலிமையோடு இருக்கும்போதே அவனுடைய குடைக்கு அடியில் இருந்தவர்கள் ஒருவர் ஊரை ஒருவர் கொளுத்தி, அதைக் கோயில் கல்லில் எழுதியும் வைத்தார்கள். சோழ அரசின் வீழ்ச்சியை 1216இல் தொடங்குவது பாடப்புத்தக வழக்கம். நான் இந்த 1186ஆம் ஆண்டுக் கல்வெட்டிலிருந்துதான் தொடங்குவேன்.

இதே காலத்தில் இந்தத் தலைவர்கள் தங்களுக்குள் ஒப்பந்தமும் செய்துகொண்டார்கள். உனக்குப் பகைவன் எனக்கும் பகைவன், உன்னை விட்டு வேறொருவனோடு சேரமாட்டேன் என்ற வகையில் அமைந்த உறுதிமொழிகள் செங்கம் போன்ற ஊர்களின் கல்வெட்டுகளில் கிடைத்திருக்கின்றன. கிரேக்க நகரங்கள் செய்த கூட்டணிகளிலும் இதே ஷரத்து மாறாமல் வரும்: ஒரே நண்பர், ஒரே பகைவர். இரண்டு இடத்திலும் இந்த ஒப்பந்தங்கள் எவ்வளவு நாள் தாங்கின என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உழுத மண்டபமும் விட்டுவைத்த மண்டபமும்

1205ஐ ஒட்டி மூன்றாம் குலோத்துங்கன் மதுரைக்குள் புகுந்து பாண்டியரின் முடிசூட்டு மண்டபத்தை இடித்தான். கழுதை பூட்டி அந்த இடத்தை உழுது வரகு விதைத்தான். நிலத்துக்கோ நிதிக்கோ செய்த காரியம் அல்ல இது. அவமானப்படுத்துவதற்காகவே செய்தது. அந்த அவமானத்தைக் கண்ணெதிரே பார்த்த பாண்டிய இளவரசன் மாறவர்மன் சுந்தர பாண்டியன் 1216இல் முடிசூடினான். சூடியதும் படை எடுத்தான். தஞ்சையும் உறந்தையும் எரிந்தன. கிழச் சோழன் குலோத்துங்கன் ஊரைவிட்டு ஓடினான். பாண்டியன் ஆயிரத்தளிக்குப் போய்ச் சோழர் முடிசூடும் மண்டபத்திலேயே தனக்கு வீராபிஷேகம் செய்துகொண்டான். மதுரைக்குப் பதில் அங்கே கிடைத்தது.

அந்த அழிவில் ஒரே ஒரு மண்டபம் தப்பியது. கரிகாலன், பட்டினப்பாலை பாடிய உருத்திரங்கண்ணனாருக்குக் கொடுத்ததாகக் கருதப்பட்ட பதினாறுகால் மண்டபம். அதை மட்டும் பாண்டியன் இடிக்கவில்லை என்று திருவெள்ளறைக் கல்வெட்டு சொல்கிறது. அலெக்சாந்தர் தீப்ஸ் நகரைத் தரைமட்டமாக்கியபோது கவிஞர் பிண்டாரின் வீட்டை மட்டும் விட்டுவைத்தான் என்று கிரேக்க வரலாற்றாசிரியர்கள் எழுதுவார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் திருவெள்ளறைதான் நினைவுக்கு வருகிறது. இரண்டு ஊரிலும் புலவன் வீடு தப்பியது. குடியானவன் வீடு தப்பவில்லை.

அடுத்துப் பாண்டியன் செய்ததுதான் இந்தக் காலத்தின் புதிரைத் திறக்கும் சாவி. பிடித்த சோழ நாட்டை அவன் வைத்துக்கொள்ளவில்லை. பொன்னமராவதியில் தங்கியிருந்தபோது குலோத்துங்கனை வரவழைத்து நாட்டையும் முடியையும் திருப்பிக் கொடுத்தான். சோணாடு வழங்கியவன் என்ற பட்டமும் சூட்டிக்கொண்டான்.

பெருந்தன்மை மட்டும் காரணம் இல்லை. மேற்கே துவாரசமுத்திரத்திலிருந்து போசள மன்னன் இரண்டாம் வல்லாளன் சோழனுக்காகப் படை அனுப்பிவிட்டான். அதனால் அவனுக்கும் ஒரு பட்டம் கிடைத்தது: சோழ ராஜ்ய பிரதிஷ்டாசாரியன், சோழ அரசை நிலைநிறுத்திய குரு. சோழ நாட்டைப் பாண்டியன் விழுங்கினால் அவனுக்கும் போசளனுக்கும் நடுவே இடைவெளியே இராது. எனவே நோஞ்சான் சோழன் ஒருவன் நடுவில் இருப்பது போசளனுக்கு நல்லது. வரி கட்டும் சோழன் ஒருவன் இருப்பது பாண்டியனுக்கும் நல்லது. காவிரிப் படுகையின் ஊர்ச்சபைகளையும் கோயில் கணக்குகளையும் ஏரி, வாய்க்கால் முறைகளையும் எடுத்து நடத்த அவர்கள் இருவரிடமும் ஆள்பலம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆகவே சோழன் வாழ்ந்தான்; மற்றவர்களின் தேவைக்காக வாழ்ந்தான்.

கிரேக்கத்தில் இந்த வேலையைப் பாரசீகம் செய்தது. ஏதென்ஸ் ஓங்கியபோது ஸ்பார்ட்டாவுக்குக் கப்பல் கட்டப் பொன் கொடுத்தது. ஸ்பார்ட்டா ஜெயித்துத் தலைகொழுத்ததும், கி.மு. 394இல் ஏதென்ஸ்காரன் கொனோன் கையில் தன் கடற்படையைக் கொடுத்து ஸ்பார்ட்டாவின் கப்பல்களை மூழ்கடிக்க வைத்தது. போசளன் என்ன செய்தான் என்பதை இதை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

சேந்தமங்கலத்துச் சிறை

குலோத்துங்கனுக்குப் பின் வந்த மூன்றாம் இராசராசன் திறமையற்றவன் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. 1231ஐ ஒட்டி அவன் பாண்டியனுக்குக் கப்பம் கட்ட மறுத்தான். பாண்டியன் மீண்டும் வந்தான். தோற்ற இராசராசன் போசளனிடம் அடைக்கலம் தேடி வடக்கே ஓடினான். வழியில் தெள்ளாற்றில், இன்றைய வந்தவாசிக்கு அருகே, காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் அவனை மறித்தான். போர் நடந்தது. சோழப் பேரரசன் தன் அமைச்சர்களோடு பிடிபட்டு, சேந்தமங்கலத்தில் அடைக்கப்பட்டான்.

தெள்ளாறு சாதாரண இடம் அல்ல. நானூறு ஆண்டுகளுக்கு முன் பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் பாண்டியனை வென்ற களம் அது. பல்லவர் வழியில் வந்தவன் என்று சொல்லிக்கொண்ட கோப்பெருஞ்சிங்கனுக்கு அந்த ஊரின் மதிப்பு நன்றாகவே தெரிந்திருக்கும். அவனுடைய வெற்றியை வயலூர்க் கல்வெட்டு பாட்டாகவே பாடுகிறது.

சேந்தமங்கலம் உளுந்தூர்பேட்டைக்கு அருகே கெடிலக் கரையில் இருக்கிறது. கோட்டை போன்ற பெரிய சிவன் கோயிலின் சிதைவுகளை இன்றும் அங்கே காணலாம். தட்டினால் ஓசை எழுப்பும் கல்குதிரைகளைக் காட்ட ஊர்க்காரர்கள் அழைத்துப் போவார்கள். அதே கெடிலம் கிழக்கே ஓடிக் கடலூருக்கு முன்னால் திருவந்திபுரத்தைத் தொடுகிறது. அங்கே பெருமாள் கோயிலில் உள்ள கல்வெட்டுதான் இந்தச் சிறைமீட்பின் முழு விவரத்தையும் தருகிறது. தென்னிந்தியாவில் ஒரு படையெடுப்பை இவ்வளவு நெருக்கமாக, ஊர் ஊராகச் சொல்லும் கல்வெட்டு வேறொன்றைச் சொல்வது கடினம்.

செய்தி கேட்ட போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன், சோழனை நிலைநிறுத்தியவன் என்ற பட்டம் பொய்யாகிவிடக் கூடாது என்று கிளம்பினான். முதலில் மகத நாட்டை, அதாவது வாணர்கள் ஆண்ட ஆறகழூர்ப் பக்கத்தை, அழித்தான். காவிரிக் கரையில் பாச்சூரில் தங்கிக்கொண்டு அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்ற இரு தண்டநாயகர்களை அனுப்பினான். அவர்கள் கோப்பெருஞ்சிங்கன் இருந்த எள்ளேரியையும் கள்ளியூர்மூலையையும், சோழக்கோன் என்பவன் இருந்த தொழுதகையூரையும் அழித்தார்கள். கொல்லப்பட்டவர்களில் ஈழத்து அரசன் பராக்கிரமபாகு என்ற பெயரும் வருகிறது. அறுபது ஆண்டுகளுக்கு முன் மதுரையில் தொடங்கிய ஈழத் தொடர்பு இன்னும் அறுந்துபோகவில்லை. பிறகு தில்லையில் பொன்னம்பலத்தைத் தொழுதார்கள். தொழுத கையோடு திருப்பாதிரிப்புலியூரில் பாளையம் இறங்கினார்கள். திருவதிகை, திருவெக்கரை முதலான ஊர்கள், சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே கடல் வரை உள்ள குடியிருப்புகள் எல்லாவற்றையும் சுட்டார்கள், அழித்தார்கள், பெண்களைப் பிடித்தார்கள், கொள்ளையடித்தார்கள். கடைசியில் சேந்தமங்கலத்தை முற்றுகையிடப் போகும் தறுவாயில், சோழனை விட்டுவிடுகிறேன் என்று கோப்பெருஞ்சிங்கன் சொல்லி அனுப்பினான். தண்டநாயகர்கள் சோழனை அழைத்துப்போய் மீண்டும் அரியணையில் அமர்த்தினார்கள்.

இந்தக் கல்வெட்டில் கோப்பெருஞ்சிங்கன் கோயில்களையும் அழித்தான் என்ற குற்றச்சாட்டும் இருக்கிறது. எதிரியைப் பற்றி எதிரி சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் ஊர்களைச் சுட்டதும் பெண்களைப் பிடித்ததும் மீட்க வந்தவர்களே தங்கள் சாதனையாகப் பொறித்துக்கொண்டது. அதை நம்பாமல் இருக்க வழியில்லை. கி.மு. 416இல் ஏதென்ஸ் மீலோஸ் தீவில் ஆண்களைக் கொன்று பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக விற்றது. மீலோஸ் செய்த குற்றம், எந்தப் பக்கமும் சேரமாட்டேன் என்றது. திருவதிகைக் குடியானவனுக்கு அப்படிச் சொல்லும் வாய்ப்புக்கூட இல்லை. அவன் காடவன் நாட்டில் பிறந்தான்; அது போதுமாக இருந்தது.

மாமன் சோமேசுவரன்

மீட்டவர்கள் ஊர் திரும்பவில்லை. நரசிம்மனின் மகன் சோமேசுவரன் திருவரங்கத்துக்கு அருகே கண்ணனூரில், இன்றைய சமயபுரம் பக்கம், தலைநகரே அமைத்துவிட்டான். சோழனும் அவனை மாமன் என்றான், பாண்டியனும் அவனை மாமன் என்றான். காவிரிக் கரை அரசியலில் மாமன் வைத்ததுதான் சட்டம்.

1246இல் சோழர் அரசியலுக்கு மூன்றாம் இராசேந்திரன் வந்தான். இராசராசனைப் போன்றவன் அல்ல இவன், கைவலிமை உள்ளவன். பாண்டியரை வென்று இழந்த மானத்தை மீட்டான். உடனே மாமன் கட்சி மாறினான். இத்தனை நாள் சோழனுக்காகப் பாண்டியனோடு போரிட்ட போசளன், இப்போது பாண்டியனுக்காகச் சோழனோடு போரிட்டான். மாமன் சோமேசுவரனுக்கு எமதண்டம் போன்றவன் என்று இராசேந்திரன் தன் கல்வெட்டில் எழுதிக்கொண்டான். மாமனே தன் காலில் வீரக்கழல் பூட்டினான் என்றும் எழுதிக்கொண்டான். ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் பாரசீகம் மாறி மாறிக் கொடுத்த பொன்னும், கண்ணனூரிலிருந்து மாறி மாறிப் புறப்பட்ட போசளப் படையும் ஒரே நோக்கம் கொண்டவை.

இந்தப் படைக்கும் காடவருக்கும் தீராத பகை. சேந்தமங்கல அவமானத்தை அவர்கள் மறக்கவில்லை. 1243 முதல் ஆட்சியாண்டு எண்ணத் தொடங்கிய இரண்டாம் கோப்பெருஞ்சிங்கன், சோழனைச் சிறைவைத்தவனின் மகன் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவன் போசளப் படையைப் பெரம்பலூரில் சந்தித்தான். கேசவன், அரிகரன் என்ற தண்டநாயகர்களும் வேறு பலரும் அங்கே மாண்டார்கள். அவர்களுடைய பெண்டிரும் பண்டாரமும் காடவன் கைக்கு வந்தன. திருவதிகைப் பக்கத்துப் பெண்களைப் பிடித்துப்போனதற்கு ஒரு தலைமுறை கழித்துக் கிடைத்த பழி.

இந்தப் போர் நமக்கு எப்படித் தெரியும்? விருத்தாசலம் கோயிலால் தெரியும். பெரம்பலூரில் அந்தத் தண்டநாயகர்களைக் கொன்று பெண்களையும் செல்வத்தையும் கவர்ந்த பாவம் தீர, கோப்பெருஞ்சிங்கன் திருமுதுகுன்றமுடையாருக்கு மணிகள் இழைத்த நெற்றிப் பட்டம் ஒன்றைச் செய்து சார்த்தினான் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. பட்டத்துக்குத் தன் விருதுப் பெயரையே இட்டான்: அவனியாளப்பிறந்தான்.

இந்தக் கல்வெட்டை நான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன். வென்றவர்கள் கோயிலுக்குக் கொடுப்பது உலக வழக்கம். பிளாட்டியா போரில் பாரசீகரை வென்றதும் கிரேக்கர்கள் கொள்ளையில் பத்தில் ஒரு பங்கை எடுத்து டெல்பியில் பொன் முக்காலி வைத்தார்கள். அதைத் தாங்கிய வெண்கலப் பாம்புத் தூணில் போரிட்ட 31 நகரங்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. அந்தத் தூணின் எஞ்சிய பகுதி இஸ்தான்புல்லில் இன்றும் நிற்கிறது. ஸ்பார்ட்டாவின் தளபதி பௌசானியஸ் முதலில் தன் பெயரை மட்டும் எழுதிவைத்தான். ஸ்பார்ட்டாக்காரர்களே அதைச் செதுக்கி எடுத்துவிட்டார்கள். அங்கே வழக்கு, வெற்றி யாருடையது என்பது. விருத்தாசலத்தில் கொடுத்தவனும் தன் பெயரை விடாமல் பொறித்தான், பெருமையை விடவில்லை. ஆனாலும் செய்தது பாவம் என்ற சொல்லையும் அதே கல்லில் ஏற்றினான். பெண்களைப் பிடித்ததைத் திருவந்திபுரம் கல்வெட்டு வெற்றிப் பட்டியலில் சேர்க்கிறது. திருமுதுகுன்றம் கல்வெட்டு பாவக் கணக்கில் சேர்க்கிறது. இரண்டு ஊரும் இன்றைய கடலூர் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. பிடிபட்ட பெண்களுக்கு அந்தப் பட்டத்தால் எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கோப்பெருஞ்சிங்கன் அதன்பிறகும் ஓய்ந்து இருக்கவில்லை. சிதம்பரத்தின் தென்கோபுரம் காடவர் பெயர் சொல்லும் திருப்பணி. 1262இல் ஆந்திரத்துத் திராட்சாராமத்தில் அவன் பெயரில் கல்வெட்டு இருக்கிறது, திரிபுராந்தகத்திலும் இருக்கிறது. விருத்தாசலம் வட்டாரத்துப் பாடிகாவல்காரர் குலம் கோதாவரிக் கரை வரை போய்விட்டது.

எல்லோருக்கும் கடைசியாக

1251இல் மதுரையில் முடிசூடிய சடையவர்மன் சுந்தர பாண்டியன் இந்தச் சமநிலையை உடைத்தான். சோழனைத் திறை கட்ட வைத்தான். கண்ணனூரைப் பிடித்தான், சோமேசுவரன் போரில் மாண்டான். சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டான். கோப்பெருஞ்சிங்கன் திறை அனுப்ப, அதை ஏற்க மறுத்து ஊரைப் பிடித்து யானை, குதிரை, கருவூலம் எல்லாம் கொண்டான். வடக்கே நெல்லூரில் வீராபிஷேகம் செய்துகொண்டான். திருவரங்கத்துக்கும் தில்லைக்கும் பொன் வேய்ந்தான். ஆனால் அவனும் பழைய பழக்கத்தை விடவில்லை. சேந்தமங்கலத்தைக் கோப்பெருஞ்சிங்கனுக்கே திருப்பிக் கொடுத்தான். சோழனையும் முடியோடு இருக்க விட்டான்.

1279க்குப் பிறகு மூன்றாம் இராசேந்திரன் பெயரில் கல்வெட்டு இல்லை. கோப்பெருஞ்சிங்கனின் கல்வெட்டுகளும் அதே ஆண்டோடு நிற்கின்றன. சிறைவைத்த குலமும் சிறைப்பட்ட குலமும் ஒரே சமயத்தில் மறைந்தன. பகையாளிகள் என்று நாம் படிக்கும் இந்த இருவரும், பாண்டியனுக்கும் போசளனுக்கும் நடுவே ஒருவரை ஒருவர் தேய்த்துக்கொண்ட இரண்டு மதில்களாகவே கடைசி வரை இருந்தார்கள். சோழ அரசை அழித்தது யார் என்று கேட்டால் கோப்பெருஞ்சிங்கன் என்று சொல்வது எளிது. துரோகி என்று பெயரும் வைத்துவிடலாம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காவலுக்கு வரியைக் கொடுத்து அவர்களை வளர்த்தது சோழரின் ஓயாத தெற்குப் போர்கள். விழுந்த சோழனை ஒவ்வொரு முறையும் பாதி பலத்தோடு மட்டும் எழுப்பி நிறுத்தியது போசளரின் உதவி. பெரும் பழி இந்த இரண்டுக்கும்தான்.

எஞ்சியவர்கள் இருவர். பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் இறந்ததும் 1310இல் அவன் மக்கள் சுந்தரனும் வீரனும் அரியணைக்காகச் சண்டையிட்டார்கள். அந்தச் சண்டையில் ஆதாயம் தேடிப் போசளன் மூன்றாம் வல்லாளன் தெற்கே படையோடு இறங்கினான். அவன் அங்கே இருக்கும்போதுதான், டெல்லியிலிருந்து மாலிக் காபூரின் குதிரைப்படை துவாரசமுத்திரத்தை நெருங்கிவிட்டது என்ற செய்தி வந்தது. 1311 ஏப்ரலில் காபூர் மதுரையில் இருந்தான். அதை அடுத்த இதழில் விரிவாகப் பார்ப்போம்.

அதற்குள் விருத்தாசலம் பக்கத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பழமலைநாதர் கோயிலுக்குப் போகும்போது சுவரிலும் அடித்தளத்திலும் உள்ள எழுத்துகளை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அவற்றின் மேல் விபூதியும் குங்குமமும் கொட்டுவதையோ எண்ணெய் தடவுவதையோ கண்டால் பக்குவமாகத் தடுத்துச் சொல்லுங்கள்; பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள். பெரம்பலூரில் பிடிபட்ட அந்தப் பெண்களைப் பற்றி நமக்கு மிஞ்சியிருக்கும் சாட்சி அந்தக் கல் ஒன்றுதான்.